எங்கள் மாமா செத்துப்போன வீடியோ

கண்ணுகளா, போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அப்பா, இதைப் பாருங்க. யானைகிட்ட மாட்டி ஒரு ஆளு செத்துப்போறாரு. பயமா இருக்குது. ஆனா பாக்காம இருக்கவும் முடியல."

நான் பார்க்கத் தேவையே இல்லை. பஸ் ஜன்னலின் கம்பி, மூலையில் ஆடும் மஞ்சள் துணிப்பை, தேயிலைச் செடிகளுக்கு மேலே தெரியும் சாம்பல் நிற முதுகு எல்லாம் எனக்கு மனப்பாடம்.

செத்துப்போனதாக அவள் சொன்ன ஆள் அந்நேரம் எங்கள் சமையல்கட்டில் நின்று காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். அவர் என் மாமா. என் அம்மாவின் தம்பி. என் மகளுக்குத் தாத்தா முறை. தினமும் அவளைப் பள்ளிக்கூட வேன் வரை கொண்டுபோய் விடுகிறவர். அவரை அந்த வீடியோவில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

நான் பத்தாவது வரை படித்தவன். எங்கள் ஊர் கணபதி. அங்கே ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் இதை உங்களுக்கு எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. உங்கள் அப்பாக்களும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கட்டும். அவர்களும் என் செட்டுதான். அவர்கள் தலையிலும் நரை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கும்.

என் வயது அப்பாக்களே, பிரவுசிங் சென்டர் ஞாபகம் இருக்கிறதா? எங்கள் தெருமுனையிலும் ஒன்று இருந்தது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் பிளைவுட் தடுப்பு, உள்ளே ஏசிக் குளிரோடு கலந்த ஊதுபத்தி வாசம். அங்கே ஒரு விளையாட்டு உண்டு. சின்னப் புள்ளி ஒன்றைக் கோட்டில் இடிக்காமல் சந்து சந்தாக நகர்த்த வேண்டும். திரையில் மூக்கு ஒட்டுகிற அளவுக்குக் குனிந்து நகர்த்துகிறபோது, பல்லை இளித்துக்கொண்டு ஒரு பேய்முகம் திரை முழுக்க வந்து அலறும். நாற்காலியோடு சாய்ந்தவனைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்போம். சாய்ந்தவன் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன் போல அடுத்தவனைக் கூட்டிவந்து உட்காரவைப்பான்.

அதுவரை விளையாட்டுதான். பிறகு நிஜமான வீடியோக்கள் வந்தன. எங்கோ வேறு நாட்டில் எடுத்தவை. பாஷை புரியாது, ரத்தம் புரியும். கண்ணை மூடாமல் கடைசி வரை பார்க்கிறவன்தான் ஆம்பளை என்று எங்களுக்குள் ஒரு பந்தயம். நானும் ஒன்றைப் பார்த்தேன். அதற்கப்புறம் சாம்பாரைக் கண்டாலே குமட்டியது. அம்மா மஞ்சள் காமாலை என்று முடிவுகட்டி, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து வாயில் ஊற்றினாள். எனக்கு என்ன ஆயிற்று என்று அவளிடம் சொல்ல ஒரு வார்த்தை என்னிடம் இல்லை. கேட்கவும் அவளுக்குத் தெரியவில்லை.

அந்த வீடியோக்களில் இருந்தவர்களுக்கும் ஒரு வீடு இருக்கும், அக்கா இருப்பாள் என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றியதில்லை.

அப்போது நான் ஒன்பதாவது. மாமா பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை எஸ்டேட் கடைகளுக்கு மளிகைச் சாமான் ஏற்றிப்போகும் வேனில் டிரைவர். எங்கள் வீட்டுக்கு வந்தால் சட்டையில் டீத்தூளும் டீசலும் மணக்கும். கொண்டை ஊசி வளைவுகளை வாயாலேயே ஓட்டிக் காட்டுவார். அந்த வருஷம் அவருக்குப் பவானியில் பெண் நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் அப்பா அங்கே ஜமக்காளக் கடை வைத்திருந்தார். நிச்சயத்தன்று சிவப்பும் பச்சையும் பட்டையாக ஓடிய ஜமக்காளம் ஒன்றை மாமாவுக்குக் கொடுத்தார்கள். புது நூலின் மொடமொடப்பும் சாய வாசமும் போகாத ஜமக்காளம். ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அக்கா செய்கிற இணைச்சீருக்காக அம்மா புதுச் சேலைகூட எடுத்து வைத்துவிட்டாள்.

ஆனி மாதம் மழை பிடித்திருந்த ஒரு காலையில், வால்பாறை ரோட்டில் யானை நிற்கிறது என்று வண்டிகள் வரிசையாக நின்றன. மாமாவின் வேன் ஏற்றத்தில் பின்னால் நழுவியது. சக்கரத்துக்குக் கல் வைக்க இறங்கினார். எல்லோரும் முன்னால் நின்ற யானையைப் பார்த்துக்கொண்டிருக்க, தேயிலைச் செடிக்குள்ளிருந்து இன்னொன்று வந்தது.

அதில் நடந்ததை நான் எழுதப்போவதில்லை. நின்றிருந்த பஸ்ஸின் ஜன்னல் வழியே ஒருவர் தன் புது செல்போனில் படம் பிடித்தார். பின்னால் ஒரு பெண் "ஐயோ ஐயோ" என்கிறாள். ஒரு ஆண் குரல் "எடு எடு, நல்லா எடு" என்கிறது. மாமா "அக்கா" என்று கத்துகிறார். கீழே விழுந்து அசையாமல் கிடக்கிறார். அதோடு வீடியோ முடிந்துவிடுகிறது.

ஆனால் மாமா சாகவில்லை. இடுப்பும் இடது காலும் உடைந்தன. தாடை இரண்டாகப் பிளந்தது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து, பல்லோடு பல் சேர்த்துக் கம்பி கட்டி, ஆடி பிறக்கும்போது எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். முன்னறைக் கட்டிலில் அந்த ஜமக்காளத்தை விரித்துப் படுக்கவைத்தாள் அம்மா. பேச முடியாது. 'ம்' மட்டும் வரும். பட்டறையிலிருந்து வந்ததும் அப்பா கை கழுவிக்கொண்டு, அரிசிக் கஞ்சியை வடிகட்டி, கெண்டி மூக்கு வழியாக அவர் வாயோரத்தில் சொட்டுச் சொட்டாக விடுவார். என் அப்பா நல்லவர். இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

வீடியோ எங்களுக்கு முன்னாலேயே ஊருக்குள் வந்துவிட்டது. செல்லுக்குப் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் கடை ஒன்று பஸ் ஸ்டாப்பில் இருந்தது. என் கூட்டாளி தன் அண்ணன் போனுக்குப் பாட்டு ஏற்றப் போனபோது நானும் போயிருந்தேன்.

கடைக்கார அண்ணன் மெமரி கார்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "யானை வீடியோ ஒண்ணு சும்மாவே போட்டிருக்கறேன். பாருங்கடா, ஆளு ஸ்பாட்லயே காலி" என்றார்.

கூட்டாளி அங்கேயே போட்டான். மாமாவின் நீலச் சட்டையைப் பார்த்ததும் கடைக்கார அண்ணன் பக்கம் திரும்பினேன்.

"அண்ணா, அது எங்க மாமாங்க. சாகலீங்க. ஊட்டுல படுத்திருக்கறாருங்க."

கடைக்கார அண்ணன் என்னையே பார்த்தார். சிரிக்கவில்லை. "அப்படியா சாமி" என்று கேட்டு, என் கண் முன்னாலேயே கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "எங்கிட்ட இருந்ததை அழிச்சுப்போட்டேன் கண்ணு. காலையில இருந்து ஏத்திட்டுப் போனவங்களை நான் எங்கன்னு போய்த் தேடறது?" என்றார்.

அவர் சொன்னது உண்மை. டீக்கடையில், பஸ்ஸில், பட்டறையில் போனும் போனும் பக்கத்தில் வைத்தால் போதும், ப்ளூடூத்தில் போய்விடும். ஒரு பைசா செலவில்லை.

அந்த வாரமே திருப்பூரிலிருந்து தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் ரோஜா மாலையோடு வந்து இறங்கினார். வாசலிலேயே துண்டை வாயில் பொத்திக்கொண்டு, "போயிட்டியே சாமி" என்று அழுதபடி உள்ளே வந்தவர், கட்டிலில் மாமா கண்ணைத் திறந்து பார்ப்பதைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். மாலையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் எங்கள் சாமி படத்துக்குப் போட்டார்.

எல்லோரும் சிரித்தோம். கம்பி கட்டிய வாயோடு மாமாவும் மூக்கால் சிரித்தார். அப்பாவுக்கு அங்கேதான் அந்த யோசனை வந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு, கண்ணுகளா. காக்கை தலையில் தட்டினால் ஆகாது. ஆளுக்கு ஆபத்து. அதற்குப் பரிகாரமாக, அவர் இறந்துவிட்டதாகச் சொந்தத்தில் யாருக்காவது பொய்ச்சேதி அனுப்புவார்கள். கேட்டவர்கள் நிஜமாகவே அழ வேண்டும். அழுதால் தோஷம் கழிந்தது. அம்மா தலையில் ஒருமுறை காக்கை தட்டியபோது அப்பா இப்படித்தான் பொள்ளாச்சிப் பெரியம்மாவுக்குச் சேதி சொல்லிவிட்டார். பெரியம்மா மாரில் அடித்துக்கொண்டு வந்தார். அம்மா கதவைத் திறந்து, "வா அக்கா, கேசரி கிண்டியிருக்கறேன்" என்றாள். அன்று பெரியம்மா திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. கேசரி தின்றுகொண்டேதான் திட்டினார்.

"நாம ஒருத்தரை அழ வெக்கறதுக்கே அத்தனை பாடு படறோம்" என்றார் அப்பா. "இப்ப ஊரே செத்தான் செத்தான்னு சொல்லுது. எத்தனை பேர் அழுகறாங்க! யானை வாயில போன உசுரு. இதை உட நல்ல பரிகாரம் கெடைக்குமா? யாரும் மறுத்துப் பேசக் கூடாது. ஆடி முடியட்டும், ஆவணி ஒண்ணாந்தேதி நாமளே கூட்டிட்டுப் போயிக் காட்டலாம்."

"ஏனுங்க, பொண்ணூட்டுக்காரங்க பக்கம்..." என்று அம்மா இழுத்தாள்.

"அவங்களுக்குத்தான் தெரியுமே அம்மணி. பொண்ணோட அப்பன் ஆஸ்பத்திரிக்கே வந்து பாத்துட்டுத்தானே போனாரு?"

அப்பா தன் மச்சானின் உயிருக்குப் பயந்தார். பயந்தவர் தனக்குத் தெரிந்த ஒரே மருந்தைப் பிடித்துக்கொண்டார். முன்னெல்லாம் பொய்ச்சேதி ஒரு வீட்டுக்குப் போய், அழுது, அதே நாளில் கேசரி தின்று திரும்பிவிடும். செல்போனில் போகும் சேதி திரும்பி வராது என்பது அவருக்குத் தெரியாது. அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

பவானியில் நடந்தது வேறு. மாப்பிள்ளை உயிரோடு இருப்பதை நேரில் பார்த்தவர் பெண்ணின் அப்பா ஒருவர்தான். அவருடைய பங்காளிகள் போனிலெல்லாம் வீடியோ இருந்தது. கல்யாணம் நின்றால் கேவலம் என்று அவர் பொய் சொல்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். பெண் தண்ணீர் பிடிக்கப் போனால், "நிச்சயம் பண்ணுன மாசமே ஆளை முழுங்கிட்டா" என்று அவள் காதுபடச் சொன்னார்கள்.

பெண்ணின் அப்பா எங்கள் வீட்டு போனுக்குக் கூப்பிட்டார். அப்பா எடுத்துப் பேசினார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"ஏனுங்க, மாப்ளைய ஒருக்கா காருல வெச்சுக் கூட்டிட்டு வந்து எங்க வீதியில மூஞ்சியக் காட்டீட்டுப் போங்க. எறங்கக்கூட வேண்டாமுங்க. காருச் செலவு நான் குடுத்தர்றேன்."

"செலவு கெடக்குதுங்க. ஆடியில கல்யாணக் காரியமா எறங்கக் கூடாதுங்களே. ஆடி போகட்டுமுங்க" என்றார் அப்பா.

"அப்படின்னா நாங்க பத்துப் பேரு அங்க வந்து பாக்கறமுங்க."

"வேண்டாமுங்க. ஒரு காரியமாத்தான் சொல்றேன். கொஞ்ச நாள் பொறுத்துக்கங்க."

அதற்கு மேல் இரண்டு பேரும் குரலை உயர்த்தவில்லை. 'ங்க' போட்டுப் போட்டே பேசி முடித்தார்கள். ஒருவர் கெஞ்சுகிறார் என்பதும் மற்றவர் மறுக்கிறார் என்பதும் அந்த மரியாதைக்குள் காணாமல் போய்விட்டன.

சில நாள் கழித்து, அப்பா வேலைக்குப் போயிருந்த மத்தியானத்தில் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். அந்தப் பெண். எனக்கு அத்தையாக வர வேண்டியவர். குரல் மெதுவாக இருந்தது.

"கண்ணு, உங்க மாமா காதுல போனை வெய்யி. இங்க எங்க சித்தப்பா நிக்கறாரு. நம்ப மாட்டேங்கறாரு. பேச வேண்டாம், ஒரு சத்தம் போட்டாப் போதும்."

மாமாவின் வாயருகே போனை வைத்தேன். ஒரு கையால் ஜமக்காளத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, அவர் "ம்ம்ம்" என்றார். மறுபடியும் "ம்ம்ம்". ஒரு பெயரைச் சொல்லப் பார்த்தார். கம்பி விடவில்லை. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

போனுக்குள் ஒரு ஆண் குரல் கேட்டது: "யாரோ முனகறாங்க. இதை வெச்சு நான் என்னன்னு நம்பறது?"

போன் வைக்கப்பட்டது. மாமா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று கஞ்சி குடிக்கவில்லை. அம்மா அப்பாவிடம் சொன்னாள், கெஞ்சினாள், சண்டையும் போட்டாள். "இன்னும் கொஞ்ச நாள்தானே அம்மணி, பாதியில உட்டா பலிக்காது" என்றார் அப்பா. வெளியே ஆடிக்காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து வீசி, தெருவிலுள்ள தகரமெல்லாம் தடதடத்தது. எனக்கு அந்தச் சத்தம் இன்றும் ஆகாது.

ஆவணி ஒன்றாம் தேதி விடிந்ததும் கார் வந்தது. மாமாவின் வாய்க்கம்பியை எடுத்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டு, கக்கத்தில் ஊன்றும் கட்டைகளைக் கொடுத்து ஏற்றினோம். அம்மா மடியில் பூத்தட்டு. அப்பா முன் சீட்டில், பல நாளைக்குப் பிறகு சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். "தோஷம் கழிஞ்சுது மாப்ள, இனி ஒரு கொறையும் இல்ல" என்று திரும்பித் திரும்பிச் சொன்னார். மாமா வழியெல்லாம் ஏதோ ஒன்றைச் சொல்லிப் பழகிக்கொண்டே வந்தார்.

பவானியில் இறங்கியபோது மத்தியானம். பெண் வீட்டு வாசலில் பெரிய கோலம். பந்தி முடிந்து வாழை இலைகளை மடித்துத் தூக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா வெளியே வந்தார். மாமாவைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"காலையிலதானுங்க உப்புச் சக்கரை மாத்தி நிச்சயம் பண்ணுனோம்" என்றார். "அவ அத்தை மகனுக்கு. நீங்க காட்ட மாட்டேன்னுட்டீங்க, எங்க சனம் நம்பலீங்க. வேற ஆரும் பொண்ணுக் கேட்டு வரலீங்க. அவனாச்சும் வந்தானேன்னு ஒத்துக்கிட்டேன்."

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

"இதைத்தானுங்க கேட்டேன்" என்றார் பெண்ணின் அப்பா, மாமாவைக் கையால் காட்டி. "இப்பிடி ஒருக்கா வந்து நில்லுங்கன்னுதானுங்க கேட்டேன்."

எங்களுக்குப் பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். தெரு முழுக்க ஆட்கள். 'யானை அடிச்சுச் செத்தவன் வந்திருக்கறான்' என்று யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். போன் வைத்திருந்தவர்கள் எல்லாம் கையை உயர்த்தி மாமாவைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா முந்தானையை விரித்து மறைக்கப் பார்த்தாள். எந்தப் பக்கம் மறைப்பாள்?

அந்தப் பெண் நிலைப்படிக்கு வந்து நின்றார். தலையில் காலையில் வைத்த பூ. மாமா வழியெல்லாம் பழகியது அவர் பெயரைத்தான் போலிருக்கிறது. ஆனால் அதைச் சொல்லவில்லை. "நல்லாயிருக்கறீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"நீங்க இருக்கறீங்களே, அது போதுமுங்க" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

ஜமக்காளத்தைத் திருப்பிக் கொடுக்க அப்பா மறுபடி ஒருநாள் பவானி போனார். "படுத்த துணியை வாங்கறதில்லீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். வீடு மாறியபோது அது எங்கோ போய்விட்டது. தேடியிருக்கிறேன், கிடைக்கவில்லை. இணைச்சீர்ச் சேலையை அம்மா கடைசி வரை உடுத்தவில்லை. மாமாவுக்கு அதற்கப்புறம் பெண் பார்த்த இடத்திலெல்லாம், "அந்த வீடியோக்காரரா?" என்று கேட்டார்கள். அவரே போதும் என்றுவிட்டார். அப்பா சாகும் வரை மாமாவுக்குத் தன் கையாலேயே சோறு போட்டார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

வீடியோ மட்டும் சாகவே இல்லை. மெமரி கார்டிலிருந்து பிரவுசிங் சென்டருக்குப் போயிற்று. பிறகு வாட்ஸாப்பில், 'நேற்று நடந்த கோரம், அனைவருக்கும் பகிரவும்' என்று வருஷத்துக்கு வருஷம் வந்தது. ஒரு தடவை அது கேரளா, இன்னொரு தடவை அசாம். இப்போது குட்டி வீடியோவாகி, பேய்ப்பட இசையெல்லாம் சேர்ந்து, என் மகள் கைக்கு வந்திருக்கிறது.

அன்றைக்கு அவளை உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. சமையல்கட்டுக்குப் போய் மாமாவின் தாடைத் தழும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு என் போனை வாங்கி, வீடியோவுக்கு அடியில், 'இவர் சாகவில்லை. இவர் எங்கள் தாத்தா. எங்கள் வீட்டில் இருக்கிறார்' என்று தப்பில்லாமல் தட்டச்சு செய்தாள்.

உடனே பதில் வந்தது: 'பொய். இவர் அப்பவே செத்துட்டார்.' இன்னொருவர் சிரிப்பு முகம் போட்டார். வேறொருவர், 'லைக்குக்காகச் செத்தவனைத் தாத்தா ஆக்காதே' என்று எழுதினார். அவள் மறுபடி எழுதினாள். சிரிப்பு முகங்கள்தான் கூடின. என்னைப் பார்த்தாள். ஏதாவது செய்யுங்கள் என்கிற பார்வை. புகார் கொடுக்க ஒரு பொத்தான் இருந்தது, அழுத்தினேன். ஆனால் அதே வீடியோ வேறு பெயரில், வேறு இசையோடு அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தது. பாட்டு ஏற்றும் கடையில் நின்ற பையனும் நானும் ஒரே ஆள்தான். அவனுக்குத் தெரியாத வழி எதுவும் எனக்கும் தெரியவில்லை.

மாமா காப்பியோடு வந்து உட்கார்ந்தார். "காட்டு கண்ணு, நானும் பாக்கறேன்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அதைப் பார்த்ததே இல்லை. நாங்களும் காட்டியதில்லை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "தலையில எத்தனை மசுரு பாரு எனக்கு!" என்றார். "அன்னிக்கு இந்தப் பாட்டெல்லாம் இல்லீங்கோ." என் மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரையில் கீழே விழுந்த உருவம் அசையாமல் கிடந்தது.

"இதுக்கு அப்புறம் எங்க?" என்று கேட்டார்.

"அவ்வளவுதான் தாத்தா."

"இல்ல கண்ணு. அப்புறம்தான் பஸ்ஸுல இருந்து அத்தனை பேரும் எறங்கி ஓடியாந்தாங்க. சேலையைக் கட்டி என்னையத் தூக்குனாங்க. ஒரு ஆளு பொள்ளாச்சி வரைக்கும் என் தலையை மடியில வெச்சுட்டு வந்தான். வளைவுக்கு வளைவு, 'தூங்கிராதீங்க அண்ணா, தூங்கிராதீங்க'ன்னுட்டே வந்தான். அவன் சட்டைச் சோப்புல போனு இருந்துது. அழுதுட்டே சொன்னான், 'நான்தானுங்க படம் புடிச்சேன்'னு. அது இருக்கோணுமே. அது எங்க?"

அவர் சொல்லி முடிப்பதற்குள் வீடியோ தானாகவே முதலிலிருந்து தொடங்கிவிட்டது. நீலச் சட்டைக்காரர் மறுபடியும் கல்லை எடுத்துக்கொண்டு குனிந்தார். தேயிலைச் செடி அசைந்தது.

"தாத்தா, பின்னால பாருங்க!" என்று கத்திவிட்டாள் என் மகள்.

பிறகு போனைப் பட்டென்று மேசையில் கவிழ்த்து, இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மாமா அவள் கைமேல் தன் கையை வைத்தார். கைகளுக்கு அடியில் அந்த இசை முடிந்து, மறுபடி தொடங்கியது.